ஓஎஸ் மாற்றிய லேப்டாப்பில் வந்த தொல்லைகள்: ஒவ்வொன்றாகத் தீர்த்த பதிவு

விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாயிற்று. டெஸ்க்டாப்பும் வந்துவிட்டது. ஆனால் வைஃபை ஐகானே இல்லை, சத்தம் வரவில்லை, டச்பேட் அசையவில்லை, டி டிரைவில் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. இவை பெரும்பாலும் கோளாறே அல்ல. இன்ஸ்டாலர் பதிவது பொதுவான விண்டோஸை மட்டும்தான். தயாரிப்பாளர் ஏற்றி அனுப்பிய டிரைவர்கள் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருட்கள்), பழைய யூசருக்கு இருந்த உரிமை, பூட் ஃபைல்கள் இருந்த இடம் எல்லாம் பழைய ஓஎஸ்ஸோடு போய்விட்டன. எது போனது என்று கண்டுபிடித்து அதை மட்டும் திரும்பக் கொடுப்பதுதான் வேலை. திரும்பவும் ஃபார்மட் அடிப்பதால் எதுவும் மாறாது.

எடுத்துக்கொண்ட மெஷின்: 11ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப், 8 ஜிபி ரேம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கூடவே பழைய 1 டிபி ஹார்டுடிஸ்க். போட்டது விண்டோஸ் 11. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதனால் பழைய பென்டிரைவில் இருக்கும் 10ஐ மறுபடி போடுவதில் பயனில்லை.

முன்பே இருந்த கோளாறா?

ஓஎஸ் மாற்றுவதற்கு முன்பே நீலத்திரையோ தானாக ரீஸ்டார்ட் ஆவதோ இருந்து, மாற்றிய பிறகும் அதேபோல் தொடர்ந்தால், டிரைவர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஹார்டுவேரைப் பாருங்கள். இன்ஸ்டால் நடக்கும்போதே ஃபைல் காப்பி பாதியில் நின்றால் சந்தேகம் முதலில் பென்டிரைவ் மேல், அடுத்து ரேம் மேல்.

ரேமுக்கு மெம்டெஸ்ட்86. பென்டிரைவிலிருந்து பூட் செய்து 4 சுற்றும் முடிய விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் தேறாது. இரண்டு ஸ்டிக் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டுத் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் ஆப்ஷனை, ஆஃப் செய்துவிட்டு ஒரு முறை சோதித்த பிறகே ரேமைக் குறை சொல்ல வேண்டும்.

டிஸ்குக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. ஹார்டுடிஸ்கில் பார்க்க வேண்டிய வரிகள் நான்கு: 5, 197, 198, 199. இந்த மென்பொருள் வரிசை எண்களையும் மதிப்புகளையும் ஹெக்ஸில்தான் காட்டும். பட்டியலில் 197 என்பது சி5 என்றும் 199 என்பது சி7 என்றும் இருக்கும். 197இல் பூஜ்ஜியம் தவிர வேறு எண் இருந்தால் டிஸ்கில் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. வேறு எதையும் செய்யும் முன் ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள். 199 ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும், சாட்டா கேபிளை மாற்றினால் போதும். நாம் எடுத்த மெஷினில் நான்குமே பூஜ்ஜியம்.

இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி தெரியவில்லை

11ஆம் தலைமுறை முதல் பல இன்டெல் லேப்டாப்புகளில் விஎம்டி என்ற அமைப்பு பயாஸில் ஆன் ஆகியே வருகிறது. என்விஎம்இ எஸ்எஸ்டி அதன் பின்னால் ஒளிந்திருக்கும். அதற்கான டிரைவர் விண்டோஸ் இன்ஸ்டாலரில் இல்லாவிட்டால் டிஸ்க் பட்டியலில் ஹார்டுடிஸ்க் மட்டும் வரும், அல்லது எதுவுமே வராது. எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று கழற்றும் முன் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே எஸ்எஸ்டியின் பெயர் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

வழி இரண்டு. பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்யலாம். ஒரே எஸ்எஸ்டி இருக்கும் வீட்டு லேப்டாப்புக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை. அந்த ஆப்ஷனே காட்டாத பயாஸ்களும் உண்டு. அப்போது இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, பிரித்து, ஐஎன்எஃப் ஃபைல் உள்ள ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டு, டிஸ்க் தேர்வு செய்யும் திரையில் 'லோட் டிரைவர்' மூலம் காட்ட வேண்டும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்: செட்அப் இஎக்ஸ்இயை அப்படியே பென்டிரைவில் போட்டால் இன்ஸ்டாலருக்கு அது தெரியாது. இஎக்ஸ்இயை 'எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்' என்ற சுவிட்சோடு கமாண்ட் பிராம்ப்டில் ஓட்டிப் பிரிக்க வேண்டும். பதிப்பும் உங்கள் செயலியின் தலைமுறைக்கு ஏற்றதாக இருக்கட்டும். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கென்று இருப்பதே பாதுகாப்பு.

ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் விஎம்டியை மாற்றினால் அடுத்த பூட்டில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை வரும். மாற்றித்தான் ஆக வேண்டுமானால், எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் பூட் டேபில் 'சேஃப் பூட்' டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் பயாஸுக்குள் போய் மாற்றி, சேஃப் மோடில் ஒரு முறை உள்ளே வந்த பிறகு டிக்கை எடுத்துவிடுங்கள். சேஃப் மோடில் சில சமயம் பின் நம்பரை ஏற்காது. கணக்கின் முழு பாஸ்வேர்டு தெரியாமல் இதில் இறங்காதீர்கள். பிட்லாக்கர் (டிஸ்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருந்தால் அதை முதலில் சஸ்பென்ட் செய்யவும்.

ஹார்டுடிஸ்கைக் கழற்றியதும் பூட் ஆகவில்லை

இரண்டு டிஸ்க் உள்ள மெஷின்களில் இது சாதாரணம். விண்டோஸ் எஸ்எஸ்டியில் இருக்கும், ஆனால் பூட் ஃபைல்கள் ஹார்டுடிஸ்கில் ஏற்கெனவே இருந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (பூட் ஃபைல்களுக்கென்றே ஒதுக்கிய சிறு பகுதி) போய் உட்கார்ந்திருக்கும். இன்ஸ்டாலர் புதிதாக ஒன்றை உண்டாக்காமல் இருப்பதையே எடுத்துக்கொள்கிறது. எல்லாம் ஓடும்; ஹார்டுடிஸ்கைக் கழற்றும் நாளிலோ அது சாகும் நாளிலோதான் தெரியவரும்.

சோதிப்பது எளிது. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்று எழுதிய சிறு கட்டம் எந்த டிஸ்கின் வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். சி டிரைவ் இருக்கும் வரிசையில் அது இல்லையென்றால் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து டிஸ்க்பார்ட்டை ஓட்டவும். சி வால்யூமை செலக்ட் செய்து, ஷ்ரிங்க் கட்டளையில் 260 எம்பி குறைக்கவும். பிறகு 'கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ' கட்டளையில் அளவு 260 கொடுத்து, ஃபேட்32இல் குவிக் ஃபார்மட் செய்து, எஸ் என்ற எழுத்தை அசைன் செய்யவும். 100 எம்பி பல டிஸ்குகளுக்குப் போதும். 4கே செக்டார் டிஸ்குகளில் ஃபேட்32க்கு 260 தேவை என்பதால் எப்போதும் 260ஏ வைத்துக்கொள்வது நல்லது. டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்து, பிசிடிபூட் கட்டளைக்கு மூன்று விவரம் தர வேண்டும்: சி டிரைவில் உள்ள விண்டோஸ் ஃபோல்டரின் பாதை, எஸ் சுவிட்சோடு புதிய பார்ட்டிஷனின் எழுத்து, எஃப் சுவிட்சோடு யுஇஎஃப்ஐ என்ற சொல். 'பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுல்லி கிரியேட்டட்' என்று வந்தால் முடிந்தது. மெஷினை அணைத்து, ஹார்டுடிஸ்கைக் கழற்றி பூட் செய்து பார்க்கவும். அது வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகே பழைய இஎஃப்ஐ பார்ட்டிஷனைத் தொடலாம்.

எஸ்எஸ்டி எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருந்தால் இஎஃப்ஐ பார்ட்டிஷன் உண்டாகாது. விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை முதலில் 'வேலிடேட்' என்று ஓட்டி, பிழை இல்லையென்றால் ஜிபிடி என்ற புதிய முறைக்கு 'கன்வர்ட்' செய்யலாம். ஃபைல்கள் அழியாது, ஆனாலும் பேக்கப் இல்லாமல் செய்யக் கூடாது. மாற்றிய பின் பயாஸில் பூட் முறையை லெகசியிலிருந்து யுஇஎஃப்ஐக்கு மாற்ற மறந்தால் மெஷின் எழாது.

ரீஇன்ஸ்டால் தொடங்கும் முன்பே ஹார்டுடிஸ்கைக் கழற்றி வைத்திருந்தால் இந்தப் பகுதியே வேண்டியிருக்காது.

நெட் இல்லாமல் டிரைவர் இறக்குவது

வைஃபை டிரைவர் இல்லை, அதனால் நெட் இல்லை, நெட் இல்லாததால் டிரைவர் இறக்க முடியவில்லை. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். விண்டோஸ் அதை லேன் கார்டாகவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் கேட்காது. போன் வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால் அந்த நெட்டே கேபிள் வழியாக வரும். டெதரிங் ஆப்ஷன் மங்கலாகவே இருந்தால் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் வகை; மாற்றிப் பாருங்கள். ஐபோனுக்கு ஆப்பிளின் டிரைவர் வேண்டும், அதனால் இந்தக் கட்டத்தில் அது உதவாது. விண்டோஸ் 11இன் ஆரம்ப அமைப்புத் திரை நெட் கேட்டு நகராமல் நிற்கும்போதும் இதே வழிதான்.

நெட் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை முழுதாக ஓடவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' உள்ளே டிரைவர் பட்டியலையும் ஒரு முறை பார்க்கவும். இதிலேயே முக்கால்வாசி தீர்ந்துவிடும். டிரைவர் பேக் என்று எல்லாவற்றையும் ஒரே அடியில் போடும் மென்பொருட்கள் பக்கம் போகாதீர்கள். பொருந்தாத டிரைவரைப் போட்டு, கூடவே வேண்டாத நாலு மென்பொருளையும் ஏற்றி, எதனால் கெட்டது என்றே தெரியாமல் ஆக்கிவிடும்.

ரீஸ்டார்ட் என்று சொன்னால் ரீஸ்டார்ட்தான், ஷட்டவுன் செய்து திரும்ப ஆன் செய்வது இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருக்கும்போது ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் தன் கெர்னலை டிஸ்கில் சேமித்துவிட்டுத் தூங்குகிறது. அடுத்த முறை பழைய நிலையிலேயே எழுகிறது. ரீஸ்டார்ட் மட்டுமே முழுதாக மூடித் திறக்கும்.

மஞ்சள் முக்கோணங்கள்

டிவைஸ் மேனேஜரில் மிச்சம் இருக்கும் ஒவ்வொன்றையும் டபுள் கிளிக் செய்தால் கோட் எண் தெரியும். 28 என்றால் டிரைவரே இல்லை, எளிதான கேஸ். 10 என்றால் டிரைவர் இருக்கிறது, டிவைஸ் தொடங்கவில்லை; தவறான பதிப்பாக இருக்கலாம், அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவரையும் நீக்கும் பெட்டியை டிக் செய்து மறுபடி போடவும். 43 என்றால் டிவைஸ் தானே கோளாறு சொல்லி நின்றுவிட்டது. யுஎஸ்பி சாதனத்தில் 43 வந்தால் வேறு போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டில் சுத்தமாக டிரைவர் போட்ட பிறகும் 43 வந்தால் கார்டின் ஆயுள் பற்றிக் கவலைப்பட வேண்டியதுதான்.

பெயரே இல்லாத டிவைஸ் எது என்று கண்டுபிடிக்க, 'டீடெய்ல்ஸ்' டேபில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வென் என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் 4 இலக்கம் சிப் தயாரிப்பாளர்: 8086 இன்டெல், 1022 மற்றும் 1002 ஏஎம்டி, 10டிஇ என்விடியா, 10இசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக், 14இ4 பிராட்காம். டெவ் என்பதற்குப் பின் வருவது சிப்பின் மாடல். இந்த இரண்டையும் சேர்த்துத் தேடினால் எந்த சிப் என்று தெரிந்துவிடும்.

சில பெயர்களைத் தேடவே வேண்டாம். 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்' என்பது இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின். 'எஸ்எம் பஸ் கன்ட்ரோலர்' என்றால் சிப்செட் டிரைவர் போடவில்லை. 'பிசிஐ டேட்டா அக்விசிஷன் அண்ட் சிக்னல் பிராசசிங் கன்ட்ரோலர்' என்ற பயமுறுத்தும் பெயர் இன்டெல்லின் வெப்பக் கட்டுப்பாட்டு டிரைவரைத்தான் கேட்கிறது. ஏஎம்டி மெஷினில் 'என்கிரிப்ஷன் டிகிரிப்ஷன் கன்ட்ரோலர்' என்று வந்தால் ஏஎம்டி சிப்செட் பேக்கேஜ் போட்டால் போய்விடும்.

போடும் வரிசை: சிப்செட், சீரியல் ஐஓ, மேனேஜ்மென்ட் என்ஜின், கிராபிக்ஸ், ஆடியோ, ப்ளூடூத், கடைசியில் ஹாட்கீ. இன்டெல் சிப்செட் பேக்கேஜ் பெரும்பாலும் டிவைஸ்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டும் வேலையை மட்டுமே செய்கிறது. ஆனாலும் அது முதலில் போனால் மற்றவற்றைக் கண்டுபிடிப்பது எளிது.

டச்பேட் அசையாததற்குக் காரணம் டச்பேட் டிரைவர் அல்ல. இப்போதைய டச்பேட்கள் ஐ2சி பஸ்ஸில் தொங்குகின்றன. அந்த பஸ்ஸை எழுப்புவது சீரியல் ஐஓ டிரைவர். அது இல்லாதவரை டிவைஸ் மேனேஜரில் டச்பேட் இருப்பதாகவே தெரியாது, பெயரில்லாத 'பிசிஐ டிவைஸ்' மட்டும் ஒன்றிரண்டு நிற்கும். சீரியல் ஐஓ போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் கர்சர் நகர்ந்தது.

சத்தமும் அதே கதை. ரியல்டெக் டிரைவரை எத்தனை தடவை போட்டாலும், அடியில் இருக்க வேண்டிய இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் டிரைவர் இல்லாவிட்டால் பல லேப்டாப்புகளில் ஸ்பீக்கரும் வராது, உள் மைக்கும் வராது. ஸ்மார்ட் சவுண்ட் முதலில், ரியல்டெக் பிறகு. இரண்டும் இருந்தும் சத்தம் இல்லையென்றால் டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் ஐகானைத் தட்டி அவுட்புட் எது என்று பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவர் போட்டதும் எச்டிஎம்ஐ மானிட்டர் அந்த இடத்தைப் பிடித்திருக்கக்கூடும்.

பிரைட்னஸ் கீ வேலை செய்யவில்லை என்றால் கீபோர்டைச் சந்தேகிக்க வேண்டாம். கிராபிக்ஸ் டிரைவர் இல்லாமல் டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருக்கும்வரை பிரைட்னஸும் மாறாது, ரெசல்யூஷனும் சரியாக வராது. இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் உள்ளமைந்ததற்கு முதலில் டிரைவர் போடவும், தனி சிப்புக்கு அடுத்து.

எல்லாம் சரியானதும் பிஎன்பியூடில் கருவியின் 'எக்ஸ்போர்ட் டிரைவர்' மூலம் டிரைவர்கள் அனைத்தையும் ஒரு ஃபோல்டருக்கு எடுத்து, மெஷினுக்கு வெளியே வைத்துக்கொள்ளவும்.

ஆக்டிவேஷனும் என்கிரிப்ஷனும்

பிராண்டட் லேப்டாப்பில் விண்டோஸ் உரிமத்துக்கான கீ பயாஸிலேயே பதிந்திருக்கும். தானாக ஆக்டிவேட் ஆக வேண்டும். ஆகவில்லையென்றால் எடிஷனைப் பாருங்கள். ஹோமுக்கு உரிமம் உள்ள மெஷினில் புரோ போட்டால் ஆகாது.

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான மெஷின்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் (பிட்லாக்கரின் எளிய வடிவம்) கேட்காமலே ஆன் ஆகிவிடுகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீ கணக்கில் சேமிக்கப்படும். இப்போதே உள்ளே போய் அது இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதி வைக்கவும். பழைய ஓஎஸ்ஸில் டி டிரைவுக்கும் பிட்லாக்கர் போட்டுத் தானாகத் திறக்கும்படி வைத்திருந்தால், புதிய ஓஎஸ் அந்த கீயைக் கேட்கும். கீ இல்லாவிட்டால் அந்த டேட்டாவைத் திறக்க வழியே இல்லை.

டி டிரைவில் 'ஆக்சஸ் டினைடு'

யூசர் பெயர் அதேதான், பாஸ்வேர்டும் அதேதான், ஆனாலும் திறக்காது. விண்டோஸ் ஆளை அடையாளம் காண்பது பெயரால் அல்ல, எஸ்ஐடி என்ற நீண்ட எண்ணால். ரீஇன்ஸ்டாலில் அந்த எண் மாறிவிட்டதால் பழைய ஃபைல்களின் சொந்தக்காரர் இப்போது முகவரி தெரியாத ஒருவர். ஃபோல்டரின் பிராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய், ஓனர் வரியில் 'சேஞ்ச்' அழுத்தி உங்கள் பெயரைக் கொடுத்து, 'ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ்' பெட்டியை டிக் செய்யவும். ஓகே கொடுத்து மூடி, மறுபடி திறந்து உங்களுக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுக்கவும். மூடித் திறக்காமல் ஒரே மூச்சில் செய்யப் பார்த்தால் பெர்மிஷன் பட்டியல் காலியாகவே தெரியும். உங்கள் ஃபோல்டர்களில் மட்டும் செய்யுங்கள். சி டிரைவ் முழுவதற்கும் ஓனரை மாற்றினால் அடுத்த ரீஇன்ஸ்டாலுக்கு நாள் குறித்துக்கொள்ளலாம்.

ஃபைல் ஐகானில் சிறு பூட்டு இருந்தால் அது வேறு விஷயம். இஎஃப்எஸ் என்கிரிப்ஷன் அது. பழைய ஓஎஸ்ஸிலிருந்து சான்றிதழை ஏற்றுமதி செய்து வைத்திருந்தால் மட்டுமே திறக்கும்.

சில்லறைத் தொல்லைகள்

நெட் இருக்கிறது, ஆனால் எந்தத் தளமும் சான்றிதழ் பிழை சொல்கிறது என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். அணைத்து எழுப்பும்போதெல்லாம் தேதி பின்னால் போனால் மதர்போர்டின் பேட்டரி தீர்ந்துவிட்டது. டெஸ்க்டாப்பில் அது பெரும்பாலும் சிஆர்2032 வகை, 3 வோல்ட். லினக்ஸும் சேர்த்துப் போட்ட மெஷினில் நேரம் உங்கள் நேர மண்டலத்தின் வித்தியாசம் அளவுக்குச் சரியாக விலகினால் பேட்டரியைக் குறை சொல்லக் கூடாது. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் எழுதுவதால் வருவது அது.

நெட்வொர்க் பிரின்டர் அடிக்கடி 'ஆஃப்லைன்' காட்டினால் பிராப்பர்டீஸில் போர்ட்டைப் பாருங்கள். தானாகச் சேர்த்தால் விண்டோஸ் பலமுறை டபிள்யூஎஸ்டி போர்ட்டைப் போட்டுவிடும். அதை நீக்கி, பிரின்டரின் ஐபி முகவரியைக் கொடுத்து டிசிபி ஐபி போர்ட்டில் சேர்க்கவும். ரவுட்டரில் அந்த முகவரியை ரிசர்வ் செய்துவிடவும்.

முதல் நாள் மெதுவாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்டேட், சர்ச் இண்டெக்ஸ், டிஃபெண்டர் மூன்றும் ஒரே நேரத்தில் டிஸ்கைக் கடைந்துகொண்டிருக்கும். ஆனால் 8 ஜிபி ரேமில் 4க்கும் குறைவாகத்தான் பயன்படும் என்று காட்டினால் போட்டது 32 பிட் பதிப்பா என்று பாருங்கள். விண்டோஸ் 11இல் 32 பிட் கிடையாது. இது பழைய பென்டிரைவில் விண்டோஸ் 10 போட்டவர்களுக்கு வருவது.

தமிழ் ஃபைல்கள்

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் ரீஇன்ஸ்டாலுக்குப் பின் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை, எழுத்துரு போய்விட்டது. ஃபார்மட் செய்யாமல் மேலேயே விண்டோஸ் போட்டிருந்தால் சி டிரைவில் விண்டோஸ் டாட் ஓல்டு ஃபோல்டர் இருக்கும். அதில் இரண்டு இடம் தேடுங்கள்: விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ், யூசர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ். ஒரு யூசருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் இரண்டாவது இடத்தில்தான் இருக்கும். பலர் முதல் இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். விண்டோஸ் டாட் ஓல்டு ஃபோல்டர் பத்து நாளில் தானாக அழிந்துவிடும், ஆகவே இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

யூனிகோட் ஆவணத்தில் லதா கேட்டு வேறு எழுத்துரு வந்தால், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' சேர்க்கவும். லதா, விஜயா இரண்டும் வரும். லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்தபின் அதன் ஆப்ஷன்ஸில் கீபோர்டு பட்டியலைத் திறந்தால் தமிழ்99, அஞ்சல் இரண்டும் இருக்கும். வேண்டியதைச் சேர்த்துவிட்டு, பயன்படுத்தாத கீபோர்டை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் கீயும் ஸ்பேஸ்பாரும் அழுத்தும்போதெல்லாம் நடுவில் அதுவும் வந்து நிற்கும்.